கடிபட்ட கால்

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு
மீன்கடையின் தார்ப்பாயை இறக்கிவிட்டு
எலுமிச்சை தேய்த்து மும்முறை கை கழுவுவேன்.
வாசம் போகாது.
கொச்சாவை வெந்நீரில் குளிப்பாட்டி
நகம் ராவி, பச்சைச் சட்டை மாட்டி
கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிடுவேன்.
புகைப்படத்தில் அது
என்னைவிட நிதானமாகத் தெரியும்.

வால்திவியாவில் மழை பெய்தால் யாரும் பேசமாட்டார்கள்,
நின்றால்தான் பேச்சு.
கயே-கயே ஆற்றுப் பாலத்தில் குடை மேல்நோக்கி விரிந்துகொள்ளும்.
மீன் தலைக்காகக் கடற்சிங்கங்கள் கரையில் உறுமும்,
அதற்கெல்லாம் திரும்பாது கொச்சா.
ஆஸ்பத்திரியின் தானியங்கிக் கதவுக்கு மட்டும் பயப்படும்,
ஒவ்வொரு வாரமும் புதிதாக.

நான்காம் மாடி. பதினொன்றாம் அறை.
சன்னலோரக் கட்டிலில் ரோசமெல் ஓயார்சூன்,
முப்பத்தொரு வருஷம் தபால்காரர்.
"அதைக் கிட்டே கொண்டுவராதே."
பிறகு, நான் கேட்காமலே, கணக்கு ஒப்பித்தார்:
பீர் ஆலைத் தெருவில் கறுப்பு, ஒற்றைக் காது.
மரக்கடைச் சந்தில் இரண்டு சேர்ந்து.
தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே ஒரு குட்டை நாய்,
அன்றைக்கு ஓய்வூதியக் கடிதம் முப்பதும் சேற்றில்.
பாதிரியாருடைய நாய்
ஞாயிறு மட்டும் கடிக்காது,
ஞாயிறு தபால் இல்லை.

"தழும்பு பார்க்கிறாயா?"
போர்வையை விலக்கினார்.
முழங்காலுக்குக் கீழே
படுக்கை விரிப்பு மட்டும் இருந்தது.
சர்க்கரை கொண்டுபோன காலோடு
பதினேழு கடியும் போயிருந்தன.
"சாட்சி இல்லாமல் போயிற்று" என்றார்.
சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.

மறுவாரம் கதவோடு நின்றோம்.
அதற்கடுத்த வாரம்
மரம் அறுக்கும் ஆலையில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்த
பக்கத்துக் கட்டில் பையன் எலிக்குரா
மிச்ச மூன்று விரலால் கொச்சாவின் காதை மடித்து மடித்து
எதையோ ஓதிக்கொண்டிருந்தான்.
"எனக்கு ஏன் முதுகு காட்டுகிறது?"
சன்னலோரத்திலிருந்து, கோபமாக.
நீங்கள்தானே வேண்டாமென்றீர்கள்.
"உன்னிடம் சொன்னேன். அதனிடம் சொன்னேனா?"

கயிற்றைத் தளர்த்தினேன்.
கொச்சா அவர் கையை மோக்கவில்லை,
இருக்கிற காலையும் மோக்கவில்லை.
போர்வை தட்டையாய்க் கிடந்த இடத்தில்
மோவாயை வைத்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டார்,
கடி விழுமென்று பழகிய உடம்பு.
விழவில்லை.
வெகுநேரம் கழித்து
"கனக்கிறது" என்றார்.
இல்லாத காலில் எப்படிக் கனக்கும் என்று
செவிலி செலிந்தா கேட்கவில்லை.
சொட்டு மருந்தைச் சரிபார்ப்பதுபோல்
முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு வியாழன் அப்படிக் கனத்தது.

அதற்கடுத்த வியாழன் சன்னலோரம் வேறொருவர்.
தலைமாட்டுப் பலகையில் பெயர்கூட எழுதியிருக்கவில்லை.
எலிக்குரா என்னைப் பார்த்தான்,
பிறகு பார்க்கவில்லை.
நான் கதவிலேயே நின்றுவிட்டேன்.

நாய் நன்றியுள்ளது,
காத்துக்கிடக்கும், ஊளையிடும், சோறு இறங்காது
என்று எத்தனை கேட்டிருக்கிறோம்.
கொச்சா யாரையும் தேடவில்லை.
கட்டிலடியைக்கூட மோந்து பார்க்கவில்லை.
என்னை இழுத்துக்கொண்டு போய்
இரண்டு காலும் உள்ள அந்த அந்நியரின் மேல்
அதே மோவாயை
அதே பாரத்தோடு வைத்தது.

கொஞ்சம் வெறுத்தேன் அதை.

அவர் அதன் தலையைத் தடவி
உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார்.
"மீன் வாசம்."
என்னுடையது என்றேன்.
இப்போது என்ன மீன் வருகிறது என்று கேட்டார்.
சியெர்ரா, மெர்லூசா, காங்கிரியோ,
சொல்ல ஆரம்பித்தேன்
விலையும் சேர்த்து.